கருவி ஒன்று, காணாத ஏழு

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், சாவி தொலைந்த பூட்டுகளும் முள் நின்றுபோன கடிகாரங்களும் பிடி கழன்ற உளிகளும் ஒரே தார்ப்பாயின்மீது குவிந்து கிடந்த ஒரு கடையில், குறடும் அல்லாமல் இடுக்கியும் அல்லாமல் இரண்டையும் ஒருவாறு ஒத்திருந்த ஓர் இரும்புக் கருவியைக் கண்டு நின்றேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரண்டு கைப்பிடிகள், அவற்றைச் சேர்த்து அழுத்தினால், துப்பாக்கியின் மூக்கைப் போன்ற முன்பகுதியிலிருந்து சிறிய எஃகு முளை ஒன்று வெளியே நீண்டு வந்து, எதிரே திருகாணியால் பொருத்தப்பட்டிருந்த காசளவான வட்டத் தகட்டின் விளிம்பைத் தொட்டது, பிடியைத் தளர்த்தியதும் உள்ளிருந்த சுருள்வில் அதனைத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொண்டது. வட்டத்தின் ஓரத்தைச் சுற்றி 4 முதல் 12 வரை எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன.

"இது எதற்கு அண்ணே?" என்று கேட்டேன். "டிக்கெட்ல ஓட்டை போடறது சார்" என்றார் கடைக்காரர். பக்கத்துக் கடைக்காரரோ அது செருப்புத் தைப்பவர்கள் தோலில் துளையிடும் கருவி என்று அடித்துச் சொன்னார். இருவரும் அறிந்து சொன்னவர்கள் அல்லர். ஆனால் பெயர் தெரியாத ஒரு பொருளுக்குப் பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டால் அன்றி மனித மனம் அமைதி கொள்வதில்லை என்பதற்கு இருவரும் சாட்சி. நானும் அந்த அமைதியின்மையோடுதான் அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

இனந்தெரியாத ஒரு கருவியை அறிந்துகொள்ள முற்படுகிறவன், எடுத்த எடுப்பிலேயே அதன் பெயரைத் தேடுவது வீண் பிரயாசை. பெயர் என்பது கருவியின் உடலில் எங்கும் இருப்பதில்லை. எங்கே தேடுவது என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு வழிகாட்டி இருக்கிறது. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டுவன எட்டு என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துரைக்கிறார்: வினை, அதைச் செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னாருக்கு என்பது, இன்ன பயன் என்பது. தச்சன் ஒருவன் நாற்காலி செய்துகொண்டிருக்கும்போது இந்த எட்டும் ஒருங்கே நம் கண்முன் நிற்கின்றன. ஆகவே அவன் கையிலுள்ள கருவி நமக்குப் புதிராகத் தோன்றுவதில்லை. சந்தையில் கிடக்கும் கருவியோ, ஏனைய ஏழையும் இழந்துவிட்டுத் தன்னந்தனியாய் நிற்கும் எட்டாவது உறுப்பு. அந்த ஏழையும் ஒவ்வொன்றாக மீட்டெடுப்பதே அதனை அடையாளம் காணுதல் என்பதன் முழுப்பொருள்.

மீட்கத் தொடங்குவதற்கு முன்னால் காக்க வேண்டிய விரதம் ஒன்று உண்டு. துருப்பிடித்த பொருள் கைக்கு வந்ததும் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. ஆயினும் அந்த ஆவலுக்கு இடங்கொடுத்தவன், தான் படிக்க வேண்டிய ஏட்டைத் தானே அழித்தவன் ஆகிறான். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியால் அழுக்கை மட்டும் ஒற்றி எடுப்பது போதும். பிறகு இருட்டறையில், டார்ச் விளக்கை நேராகக் காட்டாமல், பரப்போடு பரப்பாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பகலில் கண்ணுக்குத் தென்படாத மிக ஆழமற்ற எழுத்துகளும் தத்தம் நிழல்களால் எழுந்து நிற்கின்றன. இரும்பில் அச்சு அடித்துப் பொறிக்கும்போது, எழுத்தின் பள்ளம் மட்டுமன்றி அதன் அடியிலுள்ள உலோகமும் நசுங்கித் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. இதனால்தான் அராவி அழிக்கப்பட்ட துப்பாக்கி எண்களைக்கூடத் தடயவியலார் அமிலம் தடவி மீண்டும் தோன்றச் செய்கிறார்கள். எனக்கு அமிலத்தின் உதவி தேவைப்படவில்லை. சாய்ந்த ஒளியே மூன்று செய்திகளைக் காட்டிற்று. அவற்றுக்குப் பின்னர் வருகிறேன், முதலில் வினை.

டிக்கெட்டிலோ தோலிலோ துளையிடும் கருவியாயின், முளைக்கு நேர் எதிரே அதே அளவுள்ள ஒரு துளை இருந்தே தீர வேண்டும். வெட்டுண்ட துண்டு போய் விழ வழியில்லாவிட்டால் துளை விழாது. இங்கே எதிரே இருப்பதோ கெட்டியான எஃகு. தறையாணி அடிக்கும் கருவியாயின், அடி நேராக விழும்படி எதிர்ப்பரப்பு சமதளமாக இருக்க வேண்டும். இங்கே வட்டத்தின் விளிம்பு உட்புறமாகச் சரிந்து செல்கிறது. கெட்டியான சரிவின்மீது ஒரு முளை வந்து அழுத்தினால், இடையில் அகப்பட்ட பொருள் துளைபடாது, நசுங்காது. அந்தச் சரிவின் கோணத்துக்கு வளைந்து கொடுக்கும். ஆக, இந்தக் கருவியின் வினை சாய்த்தல். மேலும் உற்று நோக்கியபோது முளை ஒன்றன்று, இரண்டு என்பது தெரிந்தது: பருத்த முளை முதலில் முன்சென்று நின்றுகொள்ள, அதன் நடுவிலிருந்து மெல்லிய முளை ஒன்று பின்னர் புறப்படுகிறது. முன்னது பிடிப்பதற்கு, பின்னது சாய்ப்பதற்கு. பெரியதொரு தகட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்திலுள்ள சிறியதோர் உறுப்பை மட்டும் சாய்ப்பதே நோக்கம் என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வாறு வினையை முன்வைத்துக் கருவிகளைப் படிக்கும் முறையைப் பெரும் அளவில் கையாண்டவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹென்றி மெர்சர் என்னும் தொல்பொருள் ஆராய்ச்சியாளர். அவர் 1897-ஆம் ஆண்டில், கணப்படுப்புக்குரிய பழைய சாமான்களைத் தேடிப் பழைய பொருள் வியாபாரி ஒருவரிடம் சென்றார். அங்கே, இயந்திரங்களின் வருகையால் வேலையிழந்த நாட்டுப்புறக் கைக்கருவிகள் மலைபோலக் குவிந்து கிடப்பதைக் கண்டார். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகளை நிலத்தைத் தோண்டித் தேடும் தாம், நேற்றுவரை மக்கள் கையில் இருந்த கருவிகள் கண்ணெதிரே அழிவதைக் கவனியாது விட்டோமே என்ற எண்ணம் அவர் வாழ்க்கையையே திருப்பிற்று. அன்றிலிருந்து அவர் திரட்டிய பல்லாயிரக்கணக்கான பொருள்கள், டாயில்ஸ்டவுன் நகரில் 1916-இல் அவர் கான்கிரீட்டாலேயே எழுப்பிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. தச்சுக் கருவிகளைப் பற்றி 1929-இல் அவர் வெளியிட்ட நூல் மரம் வீழ்த்துதல், அளத்தல், பற்றிப் பிடித்தல், பரப்பைச் சமனாக்குதல், பொருத்துதல் என்று தொழில்களின் வரிசையிலேயே நடக்கிறது. பெயர் ஊருக்கு ஊர் மாறும், வினை மாறாது என்ற உறுதி அந்த நூல் முழுவதும் ஊடுருவி நிற்கிறது.

வினை தெரிந்தது, செயப்படுபொருள் எது? இங்கேதான் 4 முதல் 12 வரையிலான எண்கள் துணைக்கு வந்தன. வட்டத்தைத் திருப்பித் திருப்பி அளந்து பார்த்ததில், 4 என்ற இடத்தில் அகலமாக இருந்த சரிவு, எண் ஏற ஏறக் குறுகிக்கொண்டே போய் 12-இல் ஒரு கோடளவாக முடிந்தது. எண் வளர, பொருள் சிறுக்கிறது! இது நமக்குப் பழகாத விஷயம் அன்று. நூற்பாலையிலும் தறியிலும் 40-ஆம் நம்பர் நூலைவிட 100-ஆம் நம்பர் நூல் மெல்லியது என்பதை நெசவாளர் வீட்டுக் குழந்தையும் அறியும். அந்த எண் குறிப்பிட்ட எடைக்கு எவ்வளவு நீள நூல் கிடைக்கும் என்ற கணக்கு. அது போலவே இந்த எண்ணும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் எத்தனை அடங்கும் என்ற கணக்காக இருத்தல் வேண்டும். சாய்ந்த ஒளி காட்டிய செய்திகளுள் ஒன்றின்படி இது இங்கிலாந்தில் செய்த கருவியாதலின் அளவு ஓர் அங்குலம். ஓர் அங்குலத்துக்குள் நான்கிலிருந்து பன்னிரண்டு வரை அடங்கக்கூடியதும், மெல்லிய தகட்டின் ஓரத்தில் வரிசையாய் நிற்பதும், ஒவ்வொன்றாகச் சாய்க்கப்பட வேண்டியதுமான பொருள் எது என்று கேள்வியை இப்படி வகுத்துக்கொண்டபோது, விடை தானே வந்து நின்றது: ரம்பத்தின் பல். நான் வாங்கியது, ரம்பப் பற்களுக்குத் தச்சர்கள் 'செட்டு' என்று சொல்லும் சாய்வைக் கொடுக்கும் குறடு.

ரம்பத்தின் பற்களை நுனிப்பக்கமிருந்து நோக்கினால், அவை ஒரே நேர்கோட்டில் நில்லாமல், ஒன்று வலப்புறமும் அடுத்தது இடப்புறமுமாக மாறி மாறிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். இந்தச் சாய்வு இல்லாவிட்டால் என்ன நேரும்? தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவே அகலமுள்ள பிளவுதான் மரத்தில் விழும். அறுபட்ட மரநார்கள் ஓரளவு மீண்டெழும் தன்மையுள்ளவை; மரத்தின் உள்ளே அடங்கியிருந்த இழுவிசையும், அறுத்தவுடன் விடுபட்டுப் பிளவை நெருக்கும்; ஈரம் இருந்தால் நார் மேலும் உப்பும். தகட்டின் இரு கன்னங்களையும் மரம் கவ்விக்கொள்ள, உராய்வினால் வெப்பம் மிகுந்து தகடு நெளிய, அறுப்பவன் எவ்வளவு பலசாலியாயினும் ரம்பம் நடுமரத்தில் சிக்கி நின்றுவிடும். பற்களை இருபுறமும் சாய்த்துவிட்டாலோ பிளவு தகட்டைவிட அகலமாக விழுகிறது. தகடு அதனுள் தடையின்றி ஓடுகிறது. மரத்தூளும் வெளியேற வழி கிடைக்கிறது.

இதன் அளவுதான் வியப்புக்குரியது. சாதாரணக் கைரம்பத்தின் தகடு சுமார் 0.9 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதென்று கொண்டால், அதற்கு வேண்டிய பிளவு ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர், அதாவது ஒவ்வொரு பல்லும் தன் பக்கமாக நகர வேண்டிய தொலைவு 0.2 மில்லிமீட்டர், நாம் எழுதும் தாள் இரண்டை அடுக்கிய கனம். அதைவிடக் கூடினால் உழைப்பும் மரமும் தூளாக வீணாகும், அறுப்பும் தள்ளாடும். குறைந்தால் ரம்பம் சிக்கும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் சற்றே மிகுந்து சாய்ந்துவிட்டால், கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் ரம்பம் அந்தப் பக்கமே விலகிச் செல்லும். பச்சை மரத்துக்கு மிகுந்த சாய்வு, காய்ந்த வைரமரத்துக்குக் குறைந்த சாய்வு. இரண்டு தாள் கனத்துக்குள் இத்தனை தீர்ப்புகளையும் ஒரே சீராக, நூற்றுக்கணக்கான பற்களுக்கு வழங்குவதற்காகவே அந்த எண்ணிட்ட வட்டம் பிறந்தது.

எஃகைக் குளிர்ந்த நிலையில் வளைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மிகக் கடினமான எஃகு வளையாது, ஒடியும்; மிக மென்மையான எஃகு வளையும், ஆனால் கூர் நில்லாது. ஆகவே ரம்பத் தகட்டை முதலில் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தி, அரத்தால் அராவுவதற்கு இணங்கக்கூடியதும் மரத்தின் முன் மழுங்காததுமான நடுநிலைக்குக் கொண்டு வருகிறார்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவையில் அது ஏறக்குறைய 50. அராவும் அரமோ 60-க்கும் மேல். அந்த நடுநிலையிலும், பல்லின் மேற்பாதியை மட்டுமே சாய்க்க வேண்டும். வேரோடு வளைத்தால் தகட்டிலேயே கீறல் விழும். ஒருமுறை வலப்புறம் சாய்ந்த பல்லை என்றைக்கும் வலப்புறமே சாய்க்க வேண்டும். திசை மாற்றி மாற்றி வளைத்தால், நாம் கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பது போல, அது ஒடிந்து போகும்.

இந்த ஞானம் நேற்றுப் பிறந்ததன்று. பண்டை எகிப்தியரின் செப்பு ரம்பங்களில் இச்சாய்வு காணப்படுவதில்லை. ஆனால் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை பொங்கியபோது உயிர்நீத்த ரோமானிய அறிஞர் பிளினி, தமது 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலில், பச்சை மரத்தை அறுக்கும்போது தூள் பல்லிடுக்குகளை அடைத்துவிடுவதால் பற்களை மாறி மாறிச் சாய்த்துத் தூளை வெளியேற்றுகிறார்கள் என்பதைத் தெளிவாகவே குறித்திருக்கிறார். சுத்தியலும் முளையும் கொண்டு பட்டடையின் விளிம்பில் தட்டிச் சாய்ப்பதும், இரும்புத் துண்டொன்றில் வெட்டிய பிளவுக்குள் பல்லை நுழைத்துத் திருகுவதும் நெடுங்காலம் வழங்கிய முறைகள். கைக்குறடு இந்தப் பரம்பரையின் கடைசி வாரிசு.

இனி, சாய்ந்த ஒளி காட்டிய மூன்று செய்திகள். முதலாவது, கைப்பிடியில் வார்ப்பிலேயே அமைந்திருந்த ஷெஃபீல்டு, இங்கிலாந்து என்ற ஊர்ப்பெயர். இரண்டாவது, அதன் அருகே ஆறு இலக்கங்கொண்ட காப்புரிமை எண். பிரிட்டனில் 1916-க்கு முன்பெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் காப்புரிமைகளுக்கு ஒன்றிலிருந்து புதிதாக எண்ணிட்டு வந்தார்கள். அதனால் எண் ஐந்து இலக்கத்தைத் தாண்டியதில்லை. 1916-இல்தான் 1,00,001 எனத் தொடங்கி இடைவிடாது எண்ணிடும் முறை வந்தது. ஆகவே என் கருவி அதற்குப் பிற்பட்டது. மூன்றாவது, தொழிற்சாலை அச்சாக அல்லாமல், கையால் ஒவ்வோர் எழுத்தாக உளிபோல அடித்துப் பொறித்த, சற்றே கோணலான நான்கு எழுத்துகள்: எம். எஸ். எம். ஆர். மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே என்னும் அந்த நிறுவனம் 1908-இல் உருவாகி, 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி தென்னக ரயில்வேயில் கலந்துவிட்டது. எனவே காலம் என்னும் உறுப்பு 1916-க்கும் 1951-க்கும் இடையே வந்து அமைந்தது. இடமும் அதனோடு கிடைத்தது. அந்த ரயில்வேக்குப் பெரம்பூரிலும் ஹூப்ளியிலும் பெரும் பட்டறைகள் இருந்தன. பல்லாவரத்துக்கு அண்மையிலிருப்பது பெரம்பூர். இரும்புச் சட்டத்தின்மேல் மரத்தால் ரயில் பெட்டிகளின் உடலைக் கட்டிய காலம் அது.

அடுத்து, வினையைச் செய்தவன். கருவியைக் கையாண்ட மனிதனைக் கருவியின் தேய்மானத்திலிருந்தே படித்தறியலாம் என்பதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர் லெனின்கிராடில் பணியாற்றிய செர்கேய் செமியோனோவ். 1957-இல் வெளிவந்து 1964-இல் ஆங்கிலமாக்கப்பட்ட அவருடைய நூல், கற்காலக் கருவிகளின் முனைகளை நுண்பெருக்கியின் கீழ் வைத்து, அங்குள்ள கீறல்கள் ஓடும் திசையையும் மெருகின் தன்மையையும் கொண்டு, இது தோலைச் சுரண்டியது, இது மரத்தைச் செதுக்கியது என்று பிரித்துக் காட்டிற்று. செய்யப்பட்ட வடிவம் கருவி செய்தவனின் எண்ணத்தைச் சொல்லும். தேய்ந்த வடிவமே அதைப் பயன்படுத்தியவனின் வாழ்க்கையைச் சொல்லும். எளிய பூதக்கண்ணாடி ஒன்றோடு நான் அமர்ந்தபோது, வட்டத்தில் 10, 11, 12 ஆகிய எண்களின் விளிம்பு புதிதுபோலக் கூராக இருப்பதையும், 5, 6 ஆகியவற்றின் விளிம்பு மட்டும் மழுங்கிக் கண்ணாடிபோல மின்னுவதையும் கண்டேன். நுண்ணிய இணைப்புகளை அறுக்கும் சிறு ரம்பங்கள் அந்த மனிதரிடம் அதிகம் வரவில்லை. பலகைகளை நீளவாக்கில் அறுக்கும் பெரும்பல் ரம்பங்களே நாள்தோறும் வந்தன. ரயில் பெட்டிக்குப் பலகை அறுத்த பட்டறைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! மேற்பிடியின் வளைவில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை பதியும் இடத்தில், வார்ப்பிரும்பின் சொரசொரப்பு முற்றும் நீங்கிப் பட்டுப்போல வழவழத்தது. உள்ளங்கைத் தோல் இரும்பைத் தேய்க்க எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்று எண்ணியபோது, அவ்விடத்தில் என் கையை வைக்கவே சற்றுத் தயங்கினேன்.

இவ்வளவு நுட்பமான கருவி, ஒரு தலைமுறைக்குள் பெயரின்றிப் போனது எப்படி? 1955 அக்டோபர் 2-ஆம் தேதி அதே பெரம்பூரில் ஜவஹர்லால் நேருவால் தொடங்கி வைக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, முழுவதும் எஃகினாலான பெட்டிகளைச் செய்யத் தொடங்கியபோது, மரப்பெட்டிகளின் யுகம் அஸ்தமிக்கத் தொடங்கிற்று. வீட்டு உபயோக ரம்பமும் பின்னர் மாறியது. இன்று கடையில் வாங்கும் ரம்பத்தின் பல்நுனிகள் கறுநீலமாக இருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். மாறும் காந்தப்புலத்தால் நுனியை மட்டும் நொடிப்பொழுதில் பழுக்கச் செய்து உடனே குளிர்வித்ததன் அடையாளம் அது. அந்த நுனி அரத்துக்கு நிகரான கடினம் கொண்டது, நெடுநாள் மழுங்காது, ஆனால் மழுங்கியபின் அதன்மேல் அரம் வழுக்கும், வளைக்க முயன்றால் பல் ஒடியும். ஆகவே அதைத் தூக்கி எறிவதன்றி வேறு வழியில்லை. கூர்வைக்கும் வினை மறைந்ததும், கூர்வைப்பவனும் அவன் கருவியும் உடன் மறைந்தனர். இது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. பழையது போயிற்றே என்பதற்காக அன்று, ஒரு பொருளைப் பல முறை உயிர்ப்பிக்கத் தெரிந்த கைகள் நம்மிடையே குறைந்துவிட்டன என்பதற்காக.

இன்னாருக்கு, இன்ன பயன் என்ற கடைசி இரண்டும் எஞ்சியிருந்தன. என் தந்தையார் விட்டுச்சென்ற கைரம்பம் ஒன்று பரணில் கிடந்தது; மரத்தில் நான்கு விரற்கடை இறங்குவதற்குள் சிக்கிக்கொள்ளும். அதையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு, எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் எண்பது வயதுத் தச்சரிடம் சென்றேன். அவர் குறட்டை வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்து, "செட்டுக் குறடு தம்பி! எங்களுக்கு இது ஏது; சுத்தியும் ஆணியுந்தான். மேஸ்திரி கையிலே பாத்திருக்கேன்" என்றார். ரம்பத்தின் பற்களை எண்ணி வட்டத்தை 7-க்குத் திருப்பினார். முதலில் ஒரு பக்கத்துப் பற்களாக, ஒன்று விட்டு ஒன்றாகச் சாய்த்துக்கொண்டு போனார். பிறகு தகட்டைத் திருப்பி மறுபக்கத்துப் பற்கள். முடிந்ததும் அரத்தால் மெல்லக் கூரிட்டார்.

பின்பு அவர் செய்தது என் மனத்தைவிட்டு அகலாது. சட்டைப்பையில் செருகியிருந்த ஒரு தையல் ஊசியை எடுத்து, இருபுறமும் சாய்ந்த பற்களுக்கிடையே உண்டாகியிருந்த வாய்க்காலில் கிடத்தி, ரம்பத்தை ஒரு முனையில் சற்றே உயர்த்தினார். ஒரு பல் பிறழ்ந்திருந்தாலும் ஊசி அங்கே தட்டி விழுந்துவிடுமாம். ஊசி எங்கும் தயங்காமல், தலைமுதல் கால்வரை வழுக்கிக்கொண்டு போய், காத்திருந்த அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.